வரைகிற பிள்ளைக்குப் பிறந்த நாள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

அக்கா மகளுக்குப் போன வாரம் 13 வயது முடிந்தது. வரைகிற பிள்ளை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், கல்யாணப் பத்திரிகையின் பின்புறம், கேஸ் சிலிண்டர் ரசீது என்று எது கையில் அகப்பட்டாலும் அரை மணி நேரத்தில் அதில் ஒரு முகம் முளைத்திருக்கும். அவளுக்கு என்ன வாங்குவது என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கி, வரைகிறவர்கள் இரண்டு பேரிடம் கேட்டு, கொஞ்சம் சொந்தக் காசில் சோதித்தும் பார்த்தேன். இதே தலைவலியில் இருக்கும் மாமா, சித்தி, அத்தைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அக்காவுக்கு இந்தத் தேடலே பிடிக்கவில்லை. "தாய்மாமன்னு ஒருத்தன் இருந்துக்கிட்டு பென்சில் டப்பாவாடா வாங்கித் தருவே? ஒரு வெள்ளிக் கொலுசு எடுத்துக் கொடேன்" என்றாள். கொலுசு சீர்வரிசைக்கு இருக்கட்டும், பிறந்த நாளுக்கு அவளுக்குப் பிடித்தது என்று சமாளித்தேன். கையில் ஒதுக்கி வைத்திருந்தது 3,000 ரூபாய்.

இத்தனை யோசனைக்குக் காரணம் போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்த பெட்டி. சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்து, திறந்தால் இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கிற பெட்டி. வண்ணப் பென்சில், கிரேயான், ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் வில்லை, சின்னத் தூரிகை, ரப்பர், துருவி என்று மொத்தம் 150 உருப்படி, விலை 1,200 ரூபாய். கேக் வெட்டிய கையோடு அதைத் திறந்தபோது கூடியிருந்த அத்தனை பேரும் 'அடேயப்பா' என்றார்கள். எனக்கும் பெருமைதான். இரண்டு மாதம் கழித்துப் போனால் பெட்டி பீரோ மேலே இருக்கிறது. "அழுத்தினா முனை உடையுது மாமா, அழுத்தலேன்னா கலரே வரல" என்றாள். வாட்டர் கலர் வில்லையை ஈரத் தூரிகையால் நானே தேய்த்துப் பார்த்தேன். சிவப்பு கேட்டால் சுண்ணாம்பில் குங்குமம் விழுந்த மாதிரி ஒரு ரோஸ் வந்தது. அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். 1,200 ரூபாய்க்கு 150 உருப்படி என்றால் ஒன்று 8 ரூபாய். பெட்டியின் விலையும் அதற்குள்ளேதான். அந்த விலைக்கு வேறென்ன வரும்? ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். 12, 13 வயதில் வரைகிற பிள்ளைக்குத் தன் மனதில் இருப்பதற்கும் தாளில் வருவதற்கும் உள்ள இடைவெளி தெரிய ஆரம்பித்துவிடும். மட்டமான பொருள் கொடுத்தால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பெட்டி வேண்டாம். எந்தக் கடையில், எத்தனை இறக்கையோடு இருந்தாலும் வேண்டாம்.

இந்த முறை கடைக்குப் போவதற்கு முன் அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. முக்கால்வாசிப் பக்கங்கள் வெறும் பால்பாயிண்ட் பேனா. பெரிய கண் வைத்த ஜப்பான் பொம்மை முகங்கள் நிறைய, அது இந்த வயசுக்கு வரும். அவற்றுக்கு நடுவே ஒரு பக்கம் முழுக்க ஒரே கை, ஐந்து தடவை. ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருக்கும் பஸ் கண்டக்டரின் கை. முதல் நான்கில் கட்டை விரல் உதைக்கிறது. ஐந்தாவதில் சரியாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு டிக் வேறு போட்டிருக்கிறாள். நோட்டு முழுவதிலும் வண்ணம் என்று பார்த்தால் ஒரே ஓர் இடத்தில் சிவப்புப் பேனா.

எனக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வரைகிற பிள்ளைகளில் கோட்டுப் பிள்ளை, வண்ணப் பிள்ளை என்று இரண்டு சாதி உண்டு. கோட்டுப் பிள்ளைக்கு விளிம்புதான் முக்கியம். மூக்கு எங்கே திரும்புகிறது, துணி எங்கே மடிகிறது என்று தேடும். வண்ணம் பூசச் சொன்னால் சலித்துக்கொண்டு பூசும். வண்ணப் பிள்ளை அப்படியில்லை. எங்கள் மாடி வீட்டுப் பையன் ஒருவன் படத்தில் எது வீடு, எது மரம் என்று அவனைக் கேட்டால்தான் தெரியும், ஆனால் அந்த ஊதாவுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சளை எப்படி வைத்தான் என்று நாம் நின்று பார்ப்போம். இரண்டு பேருக்கும் ஒரே பரிசு வாங்கினால் ஒருவருக்கு அது பீரோ மேலே போகும். இரண்டும் கலந்த பிள்ளைகளும் உண்டு என்றாலும் நோட்டைப் புரட்டினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

நோட்டைக் காட்டாத பிள்ளையாக இருந்தால்? இந்த வயதில் பலர் காட்டமாட்டார்கள். "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டாலும் பயனில்லை, யூடியூபில் யாரோ வைத்திருந்ததைத்தான் சொல்வார்கள். நான் மாற்றிக் கேட்டேன்: "இப்போ உங்கிட்ட எது தீந்து போச்சு?" உடனே பதில் வந்தது. "கறுப்புப் பேனா. அப்புறம் கோடு போடாத நோட்டு."

சரி, கோட்டுக்கு என்னென்ன உண்டு என்று பார்ப்போம். பென்சில்தான் முதலில். நம் ஊரில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எச்பி ஒன்றுதான். 2பி, 4பி, 6பி, 8பி என்று போகப் போகக் கறுப்பு கூடும், முனை மென்மையாகும். நிழல் போடப் பழகும் பிள்ளைக்கு இந்த நான்கும், பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய களிமண் மாதிரி ரப்பர் ஒன்றும் போதும். டாம்ஸ், அப்சரா போன்ற நம் ஊர்ப் பென்சில்களிலேயே ஓவியத்துக்கான வரிசை கிடைக்கிறது. ஃபேபர் காஸ்டெல், ஸ்டெட்லர் என்று போனால் விலை ஏறும், ஈயம் சீராக இருக்கும். பென்சிலில் செலவு குறைவு, தவறு வாங்க வாய்ப்பும் குறைவு. பிறந்த நாளுக்கு இது மட்டும் என்றால் கொஞ்சம் மெலிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

பேனாதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிக்மென்ட் லைனர் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருகிறார்கள். முனை 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.8, 1.0 வரை உண்டு. இதில் இருக்கும் மை காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. அதனால் மேலே வாட்டர் கலர் பூசலாம். அதே இடத்தில் சாதாரண ஜெல் பேனா என்றால் தூரிகை பட்டதும் கண்ணீர் விட்ட மை மாதிரி ஓடும். ஆனால் ஒன்று: பால்பாயிண்டில் அழுத்தி அழுத்திப் பழகிய கைக்கு 0.05 முனையைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முனை உள்ளே போய்விடும். 0.3, 0.5, 0.8 என்று மூன்றும், தூரிகை மாதிரி முனை உள்ள பிரஷ் பேனா ஒன்றும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பிரஷ் பேனாவில் கையின் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடித்து மெலியும். ஓவியர் ஆதிமூலம் கறுப்பு மைக் கோடுகளிலேயே காந்தியை எத்தனை விதமாகக் கொண்டுவந்திருக்கிறார், ஓவியர் சில்பி ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை எப்படி வரைந்தார் என்று பார்த்தவர்களுக்கு, கறுப்பு மை என்றால் ஏதோ குறைச்சலான பரிசு என்ற எண்ணம் வராது. நம் வீடுகளில் வண்ணம் இல்லாவிட்டால் படம் முடியவில்லை என்று நினைப்பார்கள். "நல்லாருக்கே, கலர் அடிக்கலையா?" என்று கேட்காத பெரியப்பா உண்டா?

வண்ணத்துக்குப் போவோம், அதாவது காகிதத்துக்கு. தப்பாக எழுதவில்லை. வாட்டர் கலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது காகிதம்தான் என்பதை நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் நம்பினேன். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் 70லிருந்து 80. ஓரளவு நல்ல ஸ்கெட்ச் நோட்டு 120லிருந்து 150. வாட்டர் கலருக்கென்று விற்பது பெரும்பாலும் 300. ஒரே நீலத்தை, ஒரே தூரிகையால், மூன்றிலும் பூசிப் பார்த்தேன். ஜெராக்ஸ் தாள் பொரிந்த அப்பளம் மாதிரி நெளிந்தது, அதே இடத்தில் இரண்டாவது முறை தேய்த்ததும் உடம்பில் அழுக்கு உருள்வது போல உருண்டு உருண்டு பிய்ந்தது. ஸ்கெட்ச் நோட்டுத் தாள் கொஞ்சம் தாங்கியது. அப்புறம் பள்ளத்தில் பள்ளத்தில் நீலம் தேங்கித் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. 300 ஜிஎஸ்எம் தாளில் தண்ணீர் மேலாகவே நின்றது. தாளைச் சாய்த்தால் நீலம் மெதுவாக இறங்கியது, அதில் ஒரு சொட்டு மஞ்சளை விட்டதும் ஓரம் பச்சையாகப் பரவியது. ஓவியம் தெரியாத எனக்கே அதை நிறுத்த மனமில்லை. பத்து மணிக்கு மேல் மனைவி வந்து "சாப்பாட்டு மேஜை இது" என்று ஞாபகப்படுத்தினாள்.

அப்படியென்றால் இருப்பதிலேயே உயர்ந்த, முழுக்கப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் தாளை வாங்கிக் கொடுத்துவிடலாமா? ஆசைதான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய எட்டுத் தாள்களை எடுத்து வந்தார். அவருக்கு 15 வயதில் அவருடைய மாமா கொடுத்த வெளிநாட்டுக் காகிதமாம். "நல்ல படம் ஒண்ணு வரையறப்ப எடுத்துக்கலாம்னு வெச்சேன். அந்த நல்ல படம் இன்னிக்கு வரைக்கும் வரல" என்று சிரித்தார். அதற்கப்புறம் எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதையே கேட்டுக்கொண்டேன்: இதை அவள் பயப்படாமல் வீணடிப்பாளா? ஒரு கையைச் சரியாகப் போட நான்கு கை வீணாக வேண்டியிருக்கிறது. ஒரு தாள் 80 ரூபாய் என்று தெரிந்தால் அந்த நான்கை அவள் எதில் போடுவாள்? முழுப் பருத்தி வேண்டாம். கால் பங்கு பருத்தி கலந்தது, அல்லது மரக்கூழ் தாளிலேயே 300 ஜிஎஸ்எம் கிடைக்கிறது. ஃபேப்ரியானோ, பிரஸ்ட்ரோ போன்ற பெயர்களில் மாணவர்களுக்கென்றே கட்டுகள் உண்டு. ஏ4 தாளை நான்காகக் கிழித்துக்கொண்டால் அஞ்சலட்டை அளவில் நான்கு படம், வீணானாலும் மனசு வலிக்காது.

வண்ணம் எத்தனை? கடைக்காரர் 24 டியூப் பெட்டியைத்தான் முதலில் நீட்டுவார். மாஸ்டர் ஐந்து போதும் என்றார்: எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், எல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஓர் அடர் சாம்பல் வருகிறது, டப்பாக் கறுப்பைவிட உயிருள்ள நிறம். பச்சையைக் கலந்துதான் எடுக்க வேண்டும். அதில்தான் கற்றுக்கொள்வதே இருக்கிறது. 24 நிறம் கையில் இருந்தால் எந்தப் பிள்ளை கலக்கும்? டியூபில் மாணவர் தரம், ஓவியர் தரம் என்று இரண்டு வகை. ஓவியர் தரத்தில் நிறமி, அதாவது நிறம் தரும் தூள், அதிகம், விலையும் அதற்கேற்ப. டியூபைத் திருப்பிப் பார்த்தால் பிபி 29 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். அது நிறமியின் அடையாளம், பிபி 29 என்றால் அல்ட்ராமரைன். பல நிறமிகள் கலந்த டியூபை இன்னொன்றோடு கலந்தால் சேறாகிவிடும், ஒற்றை நிறமி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கலவை தெளிவாக வரும். 24 மாணவர் டியூபுக்குப் பதில் அதே காசுக்கு ஐந்து நல்ல டியூப் என்பதே என் கட்சி. கூடவே 8ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று. கடையில் தண்ணீர் கேட்டு நனைத்து உதறிப் பாருங்கள். முனை கூடி ஒரே புள்ளியாக நின்றால் எடுக்கலாம், பனங்கொட்டை நார் மாதிரி சிலிர்த்து நின்றால் வைத்துவிடலாம்.

அக்ரிலிக்கும் கேன்வாஸும் பார்க்க ஜோராக இருக்கும். வண்ணப் பிள்ளைக்கு நல்ல தேர்வுதான், தப்பானால் மேலேயே பூசிக்கொள்ளலாம். ஆனால் தூரிகையைக் கழுவ மறந்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது, யூனிஃபார்மில் பட்டுக் காய்ந்தால் போகாது. ஆயில் பெயின்ட் இந்த வயதுக்கும் நம் வீடுகளின் காற்றோட்டத்துக்கும் ஒத்து வராது. அதைக் கரைக்கிற டர்பன்டைனின் நெடி ஒன்றே போதும். ஆல்கஹால் மார்க்கர் இப்போது பிள்ளைகளிடம் பெரிய மோகம். இரண்டு பக்கமும் முனை, பூசினால் கோடு தெரியாமல் நிறம் வழுவழுவென்று கலக்கும், பெரிய கண் பொம்மைகளுக்கு அமர்க்களமாகப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால் சாதாரண நோட்டில் பூசினால் அடுத்த இரண்டு பக்கத்துக்கும் ஊறும், அதற்கென்று தனித் தாள் வேண்டும். ஜப்பானின் காப்பிக் மாதிரி விலை உயர்ந்தவற்றில் மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். மலிவான பெட்டியில் தோல் நிறம் ஒன்று தீர்ந்ததும் மற்ற 47-ஐ வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். பிள்ளை பெயர் சொல்லிக் கேட்டால் வாங்குங்கள், நாமாக வாங்க வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியம் செய்யும் கிட் ஒன்றையும் காட்டினார்கள். பலகை, அச்சிட்ட கிருஷ்ணர், மக்கு என்கிற பசை, கல், தங்க நிறத் தாள் எல்லாம் உள்ளே. மக்கு வைத்து மேடு எழுப்பும் வேலையைப் பார்க்கவே பிடித்திருந்தது. பொறுமையாக ஒன்றை முடித்து சுவரில் மாட்டி வைக்கும் குணமுள்ள பிள்ளைக்கு இது மிக நல்ல பரிசு. கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதால் அக்கா மகளுக்கு ஆகாது.

அடுத்தது டேப்லெட். இதில்தான் நான் ரொம்ப நாள் ஊசலாடினேன். அவள் இப்போதே அக்காவின் போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற செயலியைப் போட்டு விரலால் வரைகிறாள். ஐபேடும் அதற்கான பென்சிலும் என் 3,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது, அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். திரை இல்லாத பேனா டேப்லெட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கறுப்புப் பலகை, ஒரு பேனா. பலகையில் வரைந்தால் படம் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். வாகாம், ஹுவியோன், எக்ஸ்பி பென் என்று நிறுவனங்கள். சின்ன அளவு 3,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், பல மாடல்களில் பேனாவுக்கு பேட்டரி வேண்டாம். வரைவதற்குக் க்ரிதா என்ற மென்பொருள் இலவசம்; ஸ்வீடன் மொழியில் சாக்பீஸ், கிரேயானுக்கு அந்தப் பெயராம். தாள் செலவு இல்லை, வண்ணம் தீராது, பிடிக்கவில்லை என்றால் ஒரு படி பின்னால் போகலாம். பயப்படாமல் வீணடிக்கலாம் என்ற என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பின் ஏன் வாங்கவில்லை? முதல் காரணம், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அத்திம்பேரின் ஆபீஸ் லேப்டாப் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும், காலை எட்டுக்குப் போய்விடும். சில மாடல்கள் ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும் என்றாலும், எல்லா போனிலும் செய்யாது, வாங்குமுன் அந்த நிறுவனத்தின் பட்டியலில் போன் மாடல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இன்னொன்றும் கடையில் இணைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போனில் இணைத்தால் பலகையின் ஒரு பகுதி மட்டும்தான் உணர்கிறது, போனை நிமிர்த்தி வைத்தால் உள்ளங்கை அளவு இடம் மிஞ்சுகிறது. அப்புறம், கை மேஜையில், கண் திரையில் என்று பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நான் ஒரு வட்டம் போட்டேன், உருளைக்கிழங்கு வந்தது. அக்காவின் கவலை வேறு: போனை வாங்கி வைக்கவே தினம் சண்டை, நீ பேனாவும் சேர்த்துக் கொடுக்கப் போறியா என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருக்கிறது, பிள்ளையும் அனிமேஷன், காமிக்ஸ் என்று பேசுகிறது என்றால் நான் வேறு எதையும் பார்க்காமல் இதைத்தான் வாங்குவேன். அவளுக்கு இரண்டு வருஷம் போகட்டும்.

பொருளே வேண்டாம், ஓவிய வகுப்பில் சேர்த்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பக்கத்தில் இருக்கும் வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. இருபது பிள்ளைகளும் அதே குடிசை. வெளியே வந்துவிட்டேன். எல்லா வகுப்பும் இப்படி என்று சொல்லமாட்டேன். தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. அதற்குத் தயார் செய்கிறவர்கள் பொருளைப் பார்த்து வரைவதைக் கண்டிப்பாகச் சொல்லித் தருவார்கள், கோட்டுப் பிள்ளைக்கு அது நல்லது. பின்னால் சென்னை எழும்பூரிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரிக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கும் அந்தப் பயிற்சி உதவும். சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்ததும் அங்கேதான். அவர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சென்னைப் பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளையை ஒரு நாள் கூட்டிப் போகலாம். ஆனால் வகுப்பைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பிறந்த நாளன்று இன்னொரு டியூஷனை யாருக்குப் பிடிக்கும்? அவளாகக் கேட்கட்டும்.

எங்கேயாவது கூட்டிப் போவது என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குச் சித்தன்னவாசல் பக்கம்தான். புதுக்கோட்டை போய், அங்கிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். குடைவரைக் கோயிலின் கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம். யானை, எருமை, அன்னம், மீன், பூப்பறிக்கும் ஆள்கள். பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, இருப்பதும் மங்கல்தான், போனதும் ஏமாற்றமாகக்கூட இருக்கும். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் தாமரைத் தண்டைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரிய ஆரம்பிக்கும். கண்டக்டரின் கட்டை விரலுக்கு நான்கு தடவை போராடியவள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அங்கே நிறங்கள் என்று பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவி மஞ்சள், காவிச் சிவப்பு, அதோடு இன்னும் ஒன்றிரண்டு. மாஸ்டர் சொன்ன ஐந்து டியூபுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே போய்த் தேடுவது? பக்கத்திலேயே ஏழடிப்பட்டம் என்ற குகை, சமண முனிவர்களின் கல் படுக்கைகள். உட்கார்ந்து வரையக் காற்றோட்டமான இடம்.

கடைசியில் வாங்கியது இது. பிக்மென்ட் லைனர் மூன்றும் பிரஷ் பேனா ஒன்றும் 400 ரூபாய். கோடு போடாத, 150 ஜிஎஸ்எம் நோட்டு இரண்டு 500. வாட்டர் கலர் தாள் கட்டு 450. ஐந்து டியூப் 400. தூரிகை 200. ஆக 1,950. மீதி 1,050-ல் சித்தன்னவாசல் போய்வர பஸ் டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும் போக ஐஸ்கிரீமுக்கும் மிஞ்சும். வண்ணப் பிள்ளையாக இருந்திருந்தால் பேனாவை விட்டுத் தாள் இன்னும் இரண்டு கட்டு சேர்த்திருப்பேன். நோட்டு ஒன்றுக்கு இரண்டாக வாங்கியதும் யோசித்துத்தான். ஒன்றே ஒன்று என்றால் பத்திரப்படுத்தத் தோன்றும்.

அப்படியும் அது நடந்தது. பிறந்த நாளன்று பிரித்தாள், பேனாக்களை மூடி கழற்றி முகர்ந்து பார்த்தாள், நோட்டின் தாளைத் தடவினாள். அப்புறம் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "வரையலையா?" என்றேன். "இது ரொம்ப நல்லா இருக்கு மாமா. முதல் பக்கத்துல நல்லதா ஏதாவது போடணும்." எனக்கு டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. நோட்டை வாங்கி, 0.8 பேனாவால், முதல் பக்கத்தின் நட்ட நடுவில் ஓர் ஆடு வரைந்தேன். நான்கு காலும் ஒரே பக்கம், வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுருள்.

"மாமா, என்னது இது, நாயா?"

"ஆடு."

"ஆட்டுக்கு எங்க கொம்பு?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா கேசரி கொண்டுவந்து வைத்து, அது ஆறும் வரைக்கும் அவள் நிமிரவில்லை. கொம்பு வந்து, தாடி வந்து, ஆட்டைப் பிடித்திருக்கும் கயிறு வந்து, கயிற்றின் மறுமுனையில் ஒரு கை வந்துகொண்டிருந்தது.